முழங்கால் உயரக் கற்கள்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரை ஏசுவதென்றால் கல்லைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட குரலுக்கு அசையாதவன் குத்துக்கல். அழவேண்டிய வீட்டில் அழாதவள் கல்நெஞ்சுக்காரி. "குத்துக்கல்லாட்டம் நிக்கிறானே, வந்தவுகள வாங்கன்னு சொல்லத் தெரியுதா பாரு" என்று அப்பத்தா என்னைச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கல் உணர்ச்சியற்றது. அதிலும் நட்டுவைத்த கல்லுக்குப் போகவும் தெரியாது, வரவும் தெரியாது. அறுபது வயதுவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற ஐப்பசியில் மகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். தென்மேற்கு மூலையில் பிளிமத் என்ற துறைமுக நகரில் வேலை பார்க்கிறாள். ஊரின் மேடான தெருக்களில் நின்று வடக்கே பார்த்தால் கூரைகளுக்கு மேலே பழுப்பாக ஒரு நிலம் எழும்பித் தெரியும். அது என்ன என்று கேட்டேன்.

"டார்ட்மூர்ப்பா. கார்ல அரை மணி நேரம். அங்க ஒண்ணுமே இருக்காது, காத்தும் ஆடும்தான். உங்களுக்குப் பிடிக்கும்."

பிடித்தது. மூன்று வாரத்தில் ஐந்து தடவை போய்விட்டோம்.

டார்ட்மூர் கருங்கல் மேட்டுநிலம். ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உறைந்த பாறை, மேலே மூடியிருந்ததெல்லாம் தேய்ந்து போனபின் வெளியே வந்திருக்கிறது. மலை என்று சொல்லும்படி உயரம் கிடையாது. ஆக உயர்ந்த இடமே 621 மீட்டர்தான். கொடைக்கானலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் மரம் அரிதான நிலம் என்பதால் அட்லாண்டிக் பெருங்கடலின் காற்றும் மழையும் தடுப்பார் இல்லாமல் வந்து விழுகின்றன. குன்றுகளின் தலையில் தட்டுத் தட்டாகப் பாறைகள் அடுக்கிவைத்தாற்போல் நிற்கின்றன. அவற்றை டோர் என்கிறார்கள். சரிவெல்லாம் புல், சிறு புதர், சதுப்பு. மட்டக்குதிரைகள் மழையில் முதுகைக் காட்டிக்கொண்டு மேய்கின்றன.

முதலில் மெரிவேல் என்ற இடத்துக்குப் போனோம். சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் புல்லில் நடந்தால் போதும். வரலாற்றுக்கு முந்தைய கல்வரிசைகள் இருக்கும் இடம் என்று மகள் சொல்லியிருந்ததால் நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்துக் கண்ணைத் தூர எட்டவிட்டபடி நடந்தேன். "அப்பா, நில்லுங்க. வரிசைக்குள்ளதான் நிக்கிறீங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். இடப்புறம் ஒரு கல், வலப்புறம் ஒரு கல். முழங்கால் உயரம். சில அதுவும் இல்லை. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல். புல் வளர்ந்தால் மறைந்துவிடும்.

அந்த இரண்டிரண்டு கற்கள் கிழக்கு மேற்காக நேரே போய்க்கொண்டே இருந்தன. மெரிவேலில் இப்படி இரண்டு இரட்டை வரிசைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. தெற்கு வரிசை 263 மீட்டர் நீளம். வடக்கு வரிசை அதைவிடக் குட்டை. நடுவில் ஒரு சிறிய வாய்க்கால். கற்களுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கலாம்; கூட்டிப் போனால் ஒரு குழந்தையும் நடக்கலாம். தெற்கு வரிசையின் நடுவழியில் ஒரு சிறு கல்வட்டமும் அதற்குள் தாழ்ந்துபோன ஒரு கற்குவையும் இருந்தன. அங்கே யாரையோ வைத்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஸ்டோன்ஹெஞ்ச் படம் பார்த்துப் பழகிய கண். தஞ்சைப் பெரிய கோவிலைப் பார்த்து வளர்ந்த கண். மூதாதைகள் என்றால் யானை கட்டி இழுத்த கல்லாக இருக்கவேண்டும் என்று யாரோ மனதுக்குள் எழுதி வைத்துவிட்டார்கள். இந்தக் கற்களை ஒருவர் தனியாகப் புரட்டிவிடலாம்; இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். அரசன் ஆணையிட்டு ஆயிரம் பேர் சேர்ந்து செய்த வேலையின் அடையாளம் எதுவும் இல்லை. ஒரு குடும்பம், நாலு பங்காளி வீடு, ஒரு கோடைக்காலம். அவ்வளவில் முடிந்திருக்கக்கூடிய வேலை.

அந்த எண்ணம் வந்த இடத்தில்தான் ஏமாற்றம் கரைந்தது. அரசர்கள் கட்டியவை நமக்குத் தெரியும். பெயர் இல்லாத நாலு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுச் சாவுக்காகச் செய்தது நாலாயிரம் ஆண்டு நின்றிருக்கிறது என்பதை நான் அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை.

*

டார்ட்மூரில் மட்டும் இத்தகைய வரிசைகள் எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. ஒற்றை வரிசை, இரட்டை வரிசை, சில இடங்களில் மூன்று வரிசை. பெரும்பாலும் ஒரு நுனியில் கற்குவை இருக்கும். பல வரிசைகளில் குவையை நெருங்க நெருங்கக் கற்கள் உயர்ந்துகொண்டே போகும். மறுநுனியில் சில இடங்களில் ஒரு கல் மட்டும் குறுக்கே நிற்கும், வாசற்படி போட்டதுபோல. திசையில் ஒழுங்கு இல்லை. கிழக்கு மேற்கும் உண்டு, தெற்கு வடக்கும் உண்டு. சூரியனையும் நட்சத்திரத்தையும் குறி வைத்து நட்டார்கள் என்று எல்லா வரிசைக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது.

எர்ம் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு வரிசை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஸ்டால் மூர் என்ற இடத்துக் கல்வட்டத்தில் தொடங்கி, சரிவில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, மறுகரை ஏறி, பச்சைக் குன்று என்று பெயர்கொண்ட உச்சியில் ஒரு கற்குவையில் முடிகிறது. ஆற்றைக் கண்டு அது நிற்கவில்லை. அந்தத் தொடக்க வட்டத்தை ‘ஆடும் பெண்கள்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். டார்ட்மூரின் வடபுறம் பெல்ஸ்டோன் ஊருக்கு மேலே ‘ஒன்பது கன்னியர்’ என்றே ஒரு கல்வட்டம் உண்டு. ஓய்வுநாளில் ஆடியதால் கல்லானார்கள் என்பது கதை. அது உண்மையில் ஒரு கற்குவையைச் சுற்றி எழுப்பிய வளையம். உள்ளே இருந்த குவை கலைந்து வளையம் மட்டும் மிச்சம். யார் நட்டது என்று மறந்துபோன பிறகும், இந்தக் கல்லுக்குள் மனிதர் இருக்கிறார் என்ற உணர்வு மட்டும் மறக்காமல் கதையாகி வந்திருக்கிறது.

கற்குவைக்குத் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு: பதுக்கை. சங்கப் பாடல்களில் பாலைநிலத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். வழிப்பறி செய்வோரின் அம்பு பட்டு விழுந்த வழிப்போக்கர்மேல் தழையும் கல்லும் போட்டு மூடிய குவியல் அது. தலைவன் பொருள் தேடிப் போகும் வழி எவ்வளவு கொடியது என்பதைச் சொல்ல, வழியோரத்துப் பதுக்கைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். பதுக்குதல் என்றால் மறைத்து வைத்தல். அரிசியை, சர்க்கரையை மறைத்துவைக்கும் கடைக்காரனைப் பற்றிப் பேச மட்டும் இன்றைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஒரு காலத்தில் அது உடலை மறைத்துவைக்கும் கருணைக்குப் பெயராக இருந்தது. நரியும் கழுகும் தொடாதபடி, முன்பின் தெரியாதவன் ஆனாலும் ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போவது.

தொல்லியல் அறிஞர்கள் கற்பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்தி மேலே மூடுகல் வைத்த அறையைக் கற்பதுக்கை என்பார்கள். டார்ட்மூரில் அதற்குப் பெயர் கிஸ்ட்வேன். பெட்டி என்ற சொல்லும் கல் என்ற சொல்லும் சேர்ந்த பழைய கெல்டிய மொழிச் சொல், கற்பெட்டி. அந்தப் பெட்டியின் மேல்தான் கற்குவை எழும்பும். ட்ரிஸில்கோம் என்ற பள்ளத்தாக்கில் 22 மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமுமான ஒரு குவை இருக்கிறது. புதையல் தேடியவர்கள் நடுவைத் தோண்டிக் குழியாக்கிவிட்டதால் கவிழ்க்காத கிண்ணம்போல் இருக்கிறது. ஊரார் அதை ராட்சதன் கிண்ணம் என்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்றபோது அது எத்தனை கைகள் என்றுதான் எண்ணத் தோன்றியது. கற்குவையைத் தனி ஒருவர் செய்ய முடியாது. செய்தாலும் அதற்குப் பொருள் இல்லை. வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு கல் போட்டால்தான் அது குவை. நம் இடுகாட்டில் ஆளுக்கொரு பிடி மண் போடுவதுபோல.

*

பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. தோண்டித் திருடியவர்கள் ஒரு காரணம். 14-ஆம் நூற்றாண்டிலேயே அரசரிடம் அனுமதி வாங்கிக் குவைகளைத் தோண்டினார்கள். ஆனால் அவர்கள் கைபடாத பெட்டிகளிலும் உடல் இல்லை. கருங்கல்லின் மேல் படிந்த மண் புளித்த மண். அது எலும்பைத் தின்றுவிடும். புதைத்த உடல், எலும்பும் பல்லும் உட்பட, சுவடில்லாமல் நிலத்தில் கலந்துபோகும். நான் பார்த்த கற்பெட்டிகள் எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. ஒன்றில் வானம் தெரிந்தது.

விதிவிலக்காக ஒன்று. டார்ட்மூரின் வட பகுதியில் வெள்ளைக்குதிரைக் குன்று என்ற இடம், 600 மீட்டர் உயரம். அங்கே பீட் எனப்படும் கறுப்பு மண் ஆழமாகப் படிந்திருக்கிறது. புல்லும் பாசியும் அழுகி மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டு ஈரத்தோடு அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. காற்றுப் புகாது. அந்த மண் மேடு ஒன்று அரித்துச் சரிந்தபோது உள்ளேயிருந்து ஒரு கற்பெட்டியின் பக்கம் வெளியே தெரிந்தது. விட்டுவைத்தால் அழிந்துவிடும் என்பதால் 2011-இல் அதைத் திறந்தார்கள்.

உள்ளே எரித்த எலும்புகள். 15 வயதிலிருந்து 25 வயதுக்குள் இருந்த ஒருவருடையவை. கரடித்தோலில் பொதிந்து, புல்லால் ஆன விரிப்பின்மேல் வைத்திருந்தார்கள். கூடவே மரப்பட்டை நாரைச் சுருள் சுருளாகச் சுற்றி மாட்டு மயிரால் தைத்த ஒரு கூடை. மாட்டு மயிரைப் பின்னி வெள்ளீயக் குமிழ்கள் பதித்த ஒரு கைக்காப்பு. செந்தட்டிச் செடியின் நாரில் நெய்து கன்றுத்தோலால் ஓரம் கட்டிய ஒரு துணி. கடைந்தெடுத்த நாலு மரக் குமிழ்கள், காதில் அணிந்தவையாக இருக்கலாம். இருநூறுக்கும் மேற்பட்ட மணிகள். அவற்றில் ஏழு அம்பர். கி.மு. 1730-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட காலம் என்று கணித்திருக்கிறார்கள்.

பிளிமத் நகரத்து அருங்காட்சியகமான ‘தி பாக்ஸ்’ அந்தப் பொருட்களை வைத்திருக்கிறது. அந்தக் கூடையின் தையலைப் பற்றிப் படித்தபோது எனக்கு அப்பத்தா பெட்டி முடைவதுதான் நினைவுக்கு வந்தது. பனையோலையைத் தண்ணீரில் நனைத்து, கிழித்து, மடியில் வைத்து மடக்கி மடக்கி அவள் முடையும்போது பேச்சு நிற்காது. விரல் தானாகப் போய்க்கொண்டிருக்கும். மாட்டு மயிரைத் திரித்து நாரைத் தைத்த அந்தக் கையும் அப்படித்தான் பழகியிருக்கும். செத்துப்போன பிள்ளைக்காகப் புதிதாகத் தைத்தார்களோ, அவள் தினமும் வைத்திருந்த கூடையையே உள்ளே வைத்தார்களோ. நான் அவள் என்று எழுதுகிறேன். ஆணா பெண்ணா என்று அந்த எலும்பு சொல்லவில்லை. மணிகளையும் கூடையையும் படித்த பிறகு எனக்கு மகளாகத்தான் தோன்றியது, பக்கத்தில் என் மகள் நின்றிருந்ததால்.

அந்தப் பெட்டி வாய்த்ததால் ஒரு விஷயம் உறுதியாகிறது. மற்றப் பெட்டிகள் வெறுமையாக இருப்பதற்கு அவற்றை ஏழ்மையாக மூடியது காரணமாக இருக்கவேண்டியதில்லை. தோலும் நாரும் கூடையும் நெய்த துணியும் மண்ணோடு போகக்கூடியவை. மழை தேங்கிய அந்தப் பெட்டிகளிலும் யாரோ யாருக்கோ தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். அங்கே மண் வைத்துக்கொண்டது. இங்கே மண் எடுத்துக்கொண்டது.

*

அப்பா இறந்தபோது காடாற்று முடிந்ததும் கண்மாய்க் கரையில் ஒரு கல் ஊன்றினோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வண்டிப்பாதையில் கிடந்த கல் ஒன்றைப் பெரியப்பாதான் தேடி எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. அதைக் கழுவி, மண்ணில் நிறுத்தி, பாலும் தண்ணீரும் ஊற்றி, "அதுதான் இனி உங்கப்பா" என்றார். ஆறடி உயரமும் அதட்டும் குரலுமாக இருந்த மனிதரை அந்தச் சின்னக் கல்லில் வைப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. பதினாறாம் நாள் கருமாதியன்று அதைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டோம். கல் முங்கிய இடத்தில் வட்டம் விரிந்து அடங்கியது. கரையேறும்போது பெரியப்பா முதுகைத் தொட்டு, "திரும்பிப் பாக்காம வா" என்றார். நான் பார்க்கவில்லை.

மெரிவேலில் முழங்கால் உயரக் கற்களுக்கு நடுவே நின்றபோது அந்த உள்ளங்கைக் கல்லைத் திரும்பக் கண்டதுபோல் இருந்தது. பிறகுதான் எனக்குப் பட்டது: சாவுக்கு நடும் கல்லுக்குப் பெரிய அளவு தேவையில்லை. பார்த்து வியக்க வேண்டிய கல் என்றால் உயரம் வேண்டும். குனிந்து தொட வேண்டிய கல்லுக்கு முழங்கால் உயரம் போதும். நாம் பதினாறு நாளில் பிடுங்கிவிடுகிறோம். அவர்கள் விட்டுவைத்தார்கள். இரண்டு வழியும் துக்கத்துக்குத் தெரியும்.

*

கற்கள் நின்றதற்கு நட்டவர்கள் மட்டும் காரணம் இல்லை. அவர்களுக்குப் பின்வந்தவர்கள் விட்டுப்போனதும் காரணம்.

கட் ஹில் என்ற குன்று, 603 மீட்டர். அதன்மேல் பீட் மண்ணில் புதைந்து படுத்துக் கிடந்த ஒன்பது கற்களின் வரிசையை 2004-இல்தான் கண்டுபிடித்தார்கள். 215 மீட்டர் நீளம். கல்லுக்குக் கீழே இருந்த மண்ணையும் கல்லுக்கு மேலே படிந்த மண்ணையும் சோதித்ததில், கீழ் மண் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்றும், மேல் மண் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி என்றும் தெரிந்தது. இரண்டுக்கும் இடையில் எப்போதோ அந்தக் கற்கள் அங்கே வந்திருக்கின்றன. வரிசை போடும் வழக்கம் ஒரு தலைமுறை ஆசை இல்லை. பல தலைமுறை கைமாறி வந்த பழக்கம்.

கி.மு. 1500-ஐ ஒட்டி மேட்டுநிலத்தில் வேறு விதமான கல்வரிசைகள் எழுந்தன. ரீவ் எனப்படும் தாழ்ந்த கற்சுவர்கள். குன்றும் பள்ளமும் பாராமல் கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடி நிலத்தைப் பங்கு பங்காகப் பிரிக்கும் வரப்புகள். அவற்றின் தொன்மையை 1970-களில் ஆராய்ந்து நிறுவியவர் ஆண்ட்ரூ ஃபிளெமிங். இறந்தவரிடம் போகக் கல் நட்ட அதே நிலத்தில், இது என் பங்கு அது உன் பங்கு என்று சொல்லக் கல் அடுக்கும் காலம் வந்தது. பிறகு குளிரும் ஈரமும் கூடின. மரங்களை வெட்டிய நிலத்தில் மழை சத்தைக் கழுவிப்போக மண் புளித்தது. விளைச்சல் ஒழிந்தது. மனிதர்கள் இறங்கிப் போனார்கள். பீட் மண் ஏறி மூடியது. கீழே டெவன் மாவட்டத்தின் நல்ல மண்ணிலும் இவர்கள் கல் நட்டிருப்பார்கள். அங்கே ஏர் ஓடியது, ஏருக்குக் கல் இடைஞ்சல். மேட்டுநிலம் தரிசாகக் கிடந்ததால் கல் தப்பித்தது.

தரிசிலும் முழுக்கத் தப்பவில்லை. கருங்கல் வேண்டியவர்களுக்கு இவை வெட்டாமல் கிடைத்த கல். வேலிக்கும் சாலைக்கும் பாலத்துக்கும் எடுத்துப் போனார்கள். மெரிவேலில் ஒரு கற்பெட்டியின் மூடுகல்லை 1860-ஐ ஒட்டி ஒருவர் கதவுத் தூணுக்காகப் பிளந்து நடுத்துண்டை எடுத்துக்கொண்டார். இரண்டு நுனிகள் மட்டும் பெட்டிமேல் கிடக்கின்றன. நம் ஊரில் வீரக்கல்லைத் துணி துவைக்கப் போட்டிருப்பதைப் பார்த்தவன் நான். அந்தப் பிளவைத் தொட்டபோது அந்நியமாக இல்லை.

எடுத்துப் போனவர்கள் காலத்திலேயே நிமிர்த்தி வைத்தவர்களும் வந்தார்கள். சபைன் பேரிங் கூல்ட் என்ற பாதிரியாரும் ராபர்ட் பர்னார்டும் இன்னும் சிலரும் 1890-களில் சாய்ந்த கற்களை நிறுத்தினார்கள். ட்ரிஸில்கோமில் நாலு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் கல் அப்படி எழுப்பியதுதான். கல்லைத் தவறான குழியில் நட்டார்கள், அவசரமாகத் தோண்டினார்கள் என்று பின்வந்தவர்கள் குறை சொல்வதுண்டு. இருக்கலாம். எனக்கு அந்தக் கைகளும் வரிசையைச் சேர்ந்தவைதான். விழுந்ததைக் கண்டு மனம் பொறுக்காமல் நிமிர்த்துவது நட்டவனின் வேலையைத் தொடர்வது.

அதே நூற்றாண்டில் அவர்கள் நாட்டவர்கள் நம் மலைகளிலும் குவைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கிஸ்ட்வேன் என்ற சொல்லை அவர்கள் மதராஸ் மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். நம்மூர்க் கற்பதுக்கைகளை அந்தப் பெயரிலேயே எழுதினார்கள். நீலகிரி உச்சிகளில் இருந்த குவைகளைப் பற்றி 1847-இல் எழுதிய காங்கிரீவ் என்ற அதிகாரி, அந்த மலைப் பழங்குடியினரான தோதவர் சித்திய இனத்தார் என்றே முடிவு கட்டினார். கல் ஒன்றுபோல் இருந்தால் குலமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அக்காலத்தில் நினைத்தார்கள். நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ் இறந்தபின் 1873-இல் வெளிவந்த நூல், அந்தக் குவைகளில் கிடைத்தவற்றைப் படத்தோடு பதிவு செய்தது. எருமையும் குதிரைக்காரரும் பறவையும் குமிழாக அமர்ந்த மண்பானை மூடிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அவை டார்ட்மூரின் குவைகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியவை. இரும்புக் காலத்து மனிதருடையவை. இருவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. ஆனாலும் இருவரும் மரித்தவரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறார்கள். உயரத்தில், காற்று அடிக்கும் இடத்தில், நாலு பக்கமும் தெரியும்படி வைத்துவிட்டுக் கல்லைக் குவித்திருக்கிறார்கள். அதற்கு உறவுமுறை தேட வேண்டியதில்லை. கையில் கல்லும் நெஞ்சில் கனமும் இருந்தால் எந்த மலையிலும் மனிதர் இதைத்தான் செய்வார்.

*

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் டவுன் டோர் என்ற குன்றின் பின்னால் இருக்கும் வரிசைக்குப் போனோம். பர்ரட்டர் நீர்த்தேக்கத்தின் தலைமாட்டிலிருந்து ஏறினால் முக்கால் மணி நேரம். ஒற்றை வரிசை, 316 மீட்டர். இதையும் 1894-இல் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் வந்த பக்கம் குவை இருந்த பக்கம். ஒரு கல்வட்டம், உள்ளே தாழ்ந்த மேடு. அதை ஒட்டி முதல் கல் என்னைவிட உயரம். அங்கிருந்து கற்கள் வரவரக் குறைந்து, ஒரு பள்ளத்தில் இறங்கி, எதிரே ஏறி, மூட்டத்துக்குள் போயின. முறையாகப் பார்க்க வேண்டுமென்றால் மறுநுனிக்குப் போய் அங்கிருந்து நடந்து வரவேண்டும் என்று தோன்றியது. மகளை வட்டத்தருகே இருக்கச் சொல்லிவிட்டு வரிசைக்குப் பக்கவாட்டில் நடந்து கடைசிக் கல்வரை போனேன். கற்களைச் சுற்றி மண் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. ஆடும் குதிரையும் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஆன பள்ளம். சில கற்களில் கம்பளிமயிர் ஒட்டியிருந்தது.

கடைசிக் கல்லிலிருந்து திரும்பி நடந்தேன். ஒரு கல், நாலைந்து அடி, அடுத்த கல். என் நடை தானாக மெதுவானது. கல்லுக்குக் கல் கண் போகிறது. கண் போன இடத்துக்குக் கால் போகிறது. அந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். பாடையோடு நடக்கும் வேகம். முன்னால் சங்கும் சேகண்டியும் போக, தோள் கொடுத்தவர்கள் அடி மாறாமல் நடக்க, நடுவழியில் ஓரிடத்தில் இறக்கித் தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்க, பின்னால் வருபவர்கள் பேசாமல் வருவார்களே, அந்த நடை. இந்த வரிசையில் ஊர்வலம் போனார்களா என்று எந்த அறிஞராலும் சாட்சி சொல்ல முடியாது. என் கால் சொன்னதைத்தான் எழுதுகிறேன். இது கட்டடம் இல்லை. ஒரு நடையைக் கல்லில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போனவரின் பெயர் இல்லை, எலும்பு இல்லை; அவருடன் போன வழி மட்டும் அடி அடியாக இருக்கிறது.

பள்ளத்தில் இறங்கியபோது முன்னால் இருந்த குவை மறைந்தது. ஏறியபோது மறுபடி வந்தது. கற்கள் முழங்காலிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து மார்புக்கு எழுந்தன. கடைசிக் கல் தலைக்கு மேல் நின்றது. வட்டத்தின் ஓரத்தில் கையளவு கல் ஒன்று கிடந்தது. எடுத்தேன். அப்பாவுக்கு ஊன்றிய கல்லின் கனம். குவைமேல் வைக்கலாம் என்று கை போனது.

"வேணாம்ப்பா" என்றாள் மகள். "வர்றவங்க எல்லாரும் ஆளுக்கொரு கல்ல மாத்தி வச்சா, பழசு எது புதுசு எதுன்னு தெரியாமப் போயிடும். தொடாம விடுங்கன்னு இங்க கேட்டுக்கறாங்க."

சரிதான். எடுத்த இடத்திலேயே, புல் நசுங்கியிருந்த அதே பள்ளத்தில், கல்லைத் திரும்ப வைத்தேன். கை சில்லிட்டிருந்தது. அந்தக் குளிர் கண்மாய்க் கரையில் கையிலிருந்த ஈரத்தைப்போலவே இருந்தது.

இறங்கத் தொடங்கினோம். மகள் முன்னால் போனாள். பழக்கத்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். இடுகாட்டிலிருந்து வருபவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போனவருக்குப் போக மனம் வராது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பத்துப் பதினைந்து அடி போயிருப்பேன். இங்கே யார் மனம் கலங்கப் போகிறது, இவ்வளவு காலம் பார்க்கப்படவே நின்ற கற்கள்தானே என்று தோன்றியது. நின்று திரும்பினேன்.

மூட்டம் பள்ளத்தை நிரப்பி மேலேறிக்கொண்டிருந்தது. தூரத்துச் சிறிய கற்கள் முதலில் போயின. பிறகு இடுப்பு உயரத்தவை. குவையருகே இருந்த உயர்ந்த கல் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, வழியனுப்ப வந்தவர் வாசலிலேயே நிற்பதுபோல. அது மறையும்வரை நானும் குத்துக்கல்லாட்டம் நின்றேன்.